வாடிய தொட்டிச் செடி: அறிகுறி பார்த்துக் காரணம் கண்டு மீட்கும் முறை

வீட்டினுள் வளர்க்கும் செடி தலை தொங்கிக் கிடப்பதைக் கண்டதும் நம் கை தானாகவே பூவாளியைத் தேடுகிறது. தொட்டிச் செடிகள் பட்டுப்போவதற்கு வறட்சியைவிட இந்த அவசரமே பெரிய காரணம் என்பது என் அனுபவம். வாடல் என்பது ஒரு நோயின் பெயர் அன்று. இலைக்கு வந்து சேரும் நீரைவிட இலையிலிருந்து வெளியேறும் நீர் மிகுந்துவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. நீர் ஏன் வந்து சேரவில்லை என்பதைத்தான் நாம் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. மண்ணில் நீரே இல்லாமல் இருக்கலாம். மண்ணில் நீர் நிறைந்திருந்தும் அதை உறிஞ்ச உயிருள்ள வேர் இல்லாமல் இருக்கலாம். வேர் உறிஞ்சியது தண்டில் தடைப்பட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும், வெப்பமும் காற்றும் இலையிலிருந்து நீரை இழுக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியாமல் போயிருக்கலாம். இந்த நான்கிலும் இலை காட்டும் முகம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதலாவதற்கு மருந்தாகும் தண்ணீர் இரண்டாவதற்கு நஞ்சாகிவிடும்.

இலையின் செல்களுக்குள் நீர் நிரம்பிச் செல்சுவரை உள்ளிருந்து அழுத்துவதால்தான், மரத்தன்மை அடையாத இளந்தண்டும் இலைக்காம்பும் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த விறைப்பு குறைந்ததும், காற்று இறங்கிய ட்யூபைப் போல அவை மடிந்து தொங்குகின்றன. இழப்பைக் குறைக்க இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன. அவை மூடினால் கரியமில வாயு உள்ளே வருவதும் நின்று, செடி தனக்கு வேண்டிய உணவைத் தயாரிப்பதும் தடைப்படுகிறது. ஆகவே ஒருமுறை வாடி நிமிர்ந்த செடிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அடிக்கடி வாடும் செடி மெல்ல மெல்லத் தன் சேமிப்பைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

எதையும் செய்வதற்கு முன் பார்க்க வேண்டியவை

முதலில் மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மேல்மண்ணைத் தடவிப் பார்ப்பது போதாது. அது காய்ந்திருக்கையில் அடியில் சேறாக இருப்பது மிகச் சாதாரணம். ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை, அதாவது ஏறத்தாழ 5 செ.மீ. ஆழத்துக்கு, மண்ணில் விடுங்கள். தொட்டி பெரிதாக இருந்தால் சாயம் பூசாத மெல்லிய மரக்குச்சி ஒன்றை அடிவரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். ஈரமான பகுதியில் குச்சி கறுத்து, மண் ஒட்டிக்கொண்டு வரும். எந்த ஆழத்தில் ஈரம் தொடங்குகிறது என்பதை அதிலேயே அளந்துவிடலாம். கடையில் கிடைக்கும் மலிவான ஈரமானிகளை நான் நம்புவதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை மண்ணின் மின்கடத்தும் தன்மையைத்தான் அளக்கின்றன. உரத்தின் உப்பு மிகுந்த மண்ணை ஈரமானது என்றும், வேர்களுக்கிடையே வெற்றிடம் உள்ள ஈரமண்ணை வறண்டது என்றும் அவை காட்டிவிடும்.

அடுத்து, தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் ஊற்றிய அன்றும் நன்கு காய்ந்த அன்றும் அது எவ்வளவு கனக்கிறது என்று இரண்டொரு முறை பழகிவிட்டால், பிறகு எந்தக் கருவியும் தேவைப்படாது. மூன்றாவதாக, தொட்டியின் அடியில் துளை இருக்கிறதா, அது அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காக வைத்த வெளித்தொட்டிக்குள் பிளாஸ்டிக் தொட்டி அமர்ந்திருந்தால் அதை வெளியே எடுத்தே பார்க்க வேண்டும். என்னிடம் இருந்த மணி பிளான்ட் ஒன்று, பீங்கான் வெளித்தொட்டிக்குள் மூன்று விரற்கடை அளவு தேங்கிய நீரில் பல வாரங்கள் நின்றிருக்கிறது. இலைகள் துவளத் துவள, செடிக்குத் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றிக்கொண்டிருந்தவன் நான்தான்.

கடைசியாக ஓர் இலையை விரல்களுக்கிடையே வைத்து மெதுவாக மடக்குங்கள். துணிபோல் மடங்கினால் அந்த இலை பெரும்பாலும் மீளும். அப்பளம் போல் நொறுங்கினால் அது போய்விட்டது. நீர்கோத்து, கசங்கிய கீரைபோல் கையோடு வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது.

இந்தச் சோதனைகளுக்குக் கால்மணி நேரம் போதும். இனி, கண்ட அறிகுறிக்கு உரிய பகுதிக்குச் செல்லலாம்.

அறிகுறி: இலை துவண்டிருக்கிறது, மண் ஆழம் வரை காய்ந்திருக்கிறது, தொட்டி இலேசாக இருக்கிறது

இது தாகம். நல்ல செய்தியும் இதுதான். பீஸ் லில்லி, ஃபிட்டோனியா போன்ற மெல்லிலைச் செடிகள் செத்தே விட்டன என்று நினைக்கும்படி மொத்தமாகச் சரிந்து கிடக்கும். தண்ணீர் கிடைத்த சில மணி நேரத்தில் ஒன்றும் நடக்காததுபோல் எழுந்து நிற்கும்.

இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. தேங்காய்நார்த் தூள், பீட் (சதுப்பு நிலத்தில் மக்கிய பாசி) முதலியவை அதிகம் கலந்த மண்கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் நீரை ஏற்க மறுக்கும். பீட் கலவையில் இது மிகுதி. காய்ந்த கலவை சுருங்கித் தொட்டியின் சுவரிலிருந்து விலகி நிற்கும். மேலே ஊற்றும் நீர் அந்த இடுக்கின் வழியே இறங்கி, அடித்துளை வழியே வெளியேறிவிடும். தட்டில் நீர் வந்ததைக் கண்டு வேலை முடிந்தது என்று நாம் போய்விடுவோம். வேர்க்கட்டியின் நடுப்பகுதி தூசியாகவே இருக்கும். எனவே இப்படிக் காய்ந்த தொட்டியை, அதன் உயரத்தில் பாதியளவு நீர் உள்ள வாளியில் இறக்கி வைத்துவிடுங்கள். முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்தில் நீர் அடியிலிருந்து மேலேறி மேல்மண்ணை நனைக்கும். அதன்பின் வெளியே எடுத்து, உபரி நீர் முழுவதும் வடியும் வரை சாய்த்து வைக்க வேண்டும். குளிர்ந்த நீர் வேண்டாம். அறையின் வெப்பநிலையில் உள்ள நீரே நல்லது.

மறுநாள் காலை வரை எழாத இலைகளையும் நொறுங்கிப்போன இலைகளையும் வெட்டி எடுத்துவிடலாம். தண்டு பச்சையாக இருக்கும் வரை கைவிட வேண்டாம். நகத்தால் தண்டின் தோலை இலேசாகச் சுரண்டினால் உள்ளே பச்சையும் ஈரமும் தெரிய வேண்டும்; பழுப்பாகவும் வறட்டுத்தன்மையோடும் இருந்தால் சற்றுக் கீழே இறங்கி மீண்டும் சுரண்டிப் பாருங்கள். பச்சை தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டிவிட்டால் கீழுள்ள கணுக்களிலிருந்து தளிர் வர வாய்ப்புண்டு. தாகத்தில் வாடிய செடிக்கு அன்றே உரம் கொடுப்பது கூடாது.

அறிகுறி: இலை துவண்டிருக்கிறது, மண் ஈரமாக இருக்கிறது

வீட்டுச் செடிகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வேரும் மூச்சுவிடுகிறது. மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றிலிருந்துதான் அதற்கு ஆக்சிஜன் கிடைக்கிறது. அந்த இடைவெளிகள் முழுவதும் நீரால் நிரம்பிவிட்டால், ஆக்சிஜன் நீரின் ஊடே பரவித்தான் வேரை அடைய வேண்டும். காற்றில் பரவுவதைவிட நீரில் அது ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மூச்சுத் திணறும் வேர் நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. சுற்றிலும் வெள்ளமாக இருக்க, இலை தாகத்தால் வாடுகிறது. இந்த நிலையில் பித்தியம், பைட்டோப்தோரா போன்ற அழுகல் உயிரிகள் உள்ளே நுழைகின்றன. அவற்றின் வித்துகள் நீரில் நீந்திச் செல்லக்கூடியவை. ஈரம் தேங்கிய தொட்டி அவற்றுக்கு இராஜபாட்டை.

தாகத்தில் வாடிய செடிக்கும் இதற்கும் வெளித்தோற்றத்தில் சில வேறுபாடுகள் உண்டு. வேர் அழுகலில் கீழ் இலைகள் மஞ்சளாகி, மென்மையாகி உதிரும். இலை ஓரத்தில் நீர்கோத்த கரும்பழுப்புத் திட்டுகள் தோன்றும். மண்ணில் புளித்த அல்லது சாக்கடை வாடை வரும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் அழுத்தினால் அமுங்கும். மேல்மண்ணிலிருந்து சிறிய கறுப்புக் கொசுக்கள் எழுந்து பறப்பதும் மண் ஓயாமல் ஈரமாக இருப்பதற்கு அடையாளம். ஆனால் எதையும் உறுதிப்படுத்தும் ஒரே வழி, செடியைத் தொட்டியிலிருந்து கவிழ்த்து எடுத்து வேரைப் பார்ப்பதுதான். செடிக்கு இதனால் அதிர்ச்சி ஏற்படும் என்று பலர் தயங்குவார்கள். அழுகும் வேரை அப்படியே விடுவதைவிட அந்த அதிர்ச்சி எவ்வளவோ மேல்.

நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும், இழுத்தால் தாக்குப்பிடிக்கும். அழுகிய வேர் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். இரண்டு விரலால் பிடித்து இழுத்தால் மேல்தோல் உறைபோல் கழன்று வந்து, நடுவில் நூல்போன்ற ஒரு நரம்பு மட்டும் எஞ்சும். நிறத்தை மட்டும் நம்பிவிடாதீர்கள். சில செடிகளின் வேர் இயல்பாகவே நிறமுள்ளது, எடுத்துக்காட்டாக மருள் எனப்படும் பாம்புக் கற்றாழையின் வேரும் கிழங்கும் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். உறுதியாக இருக்கிறதா, கழன்று வருகிறதா என்பதே சரியான கேள்வி.

வேர் இன்னும் நன்றாகவே இருந்தால் வேலை எளிது. வேர்க்கட்டியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, தாள் நனைய நனைய மாற்றி ஒரு நாள் வைத்தால் உபரி நீரை அது உறிஞ்சிவிடும். பிறகு அதே தொட்டியில் திரும்ப வைத்து, விரல் சோதனையில் மண் காய்ந்தது தெரியும் வரை தண்ணீர் காட்டாமல் இருந்தால் போதும்.

அழுகல் இருந்தால், பழைய மண்ணை முழுவதும் உதிர்த்து, வேரை ஓடும் நீரில் அலசுங்கள். ஸ்பிரிட் கொண்டு துடைத்த கத்தரிக்கோலால் அழுகிய வேர்கள் அனைத்தையும் நல்ல பகுதி தெரியும் வரை வெட்டி நீக்குங்கள். இரக்கப்பட்டு விட்டுவைக்கும் அரை அங்குல அழுகல் மறுபடியும் பரவும். எஞ்சிய வேரின் அளவுக்கு ஏற்ற சிறிய தொட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பழைய பெரிய தொட்டியிலேயே நட்டால், குடிக்க வேரில்லாத மண்ணில் நீர் தேங்கிப் பழைய கதை தொடரும். கலவை புதிதாகவும் பொலபொலவென்றும் இருக்கட்டும்: தேங்காய்நார்த் தூள் இரண்டு பங்கு, பெர்லைட் (வெப்பத்தில் பொரித்த எரிமலைப் பாறைத் துகள்) அல்லது சலித்த பெருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் அரைப்பங்கு என்பது நான் கடைப்பிடிக்கும் அளவு. நட்டபின் ஒருமுறை இலேசாக நீர்விட்டு, நேரடி வெயில் படாத, ஆனால் நல்ல வெளிச்சமுள்ள இடத்தில் வையுங்கள். வேரில் பாதிக்கு மேல் போயிருந்தால் இலைகளிலும் மூன்றில் ஒரு பங்கைக் குறைப்பேன். மஞ்சளானவையும் கீழே உள்ளவையும் முதலில் போகட்டும். புதுத் தளிர் வரும் வரை உரம் வேண்டாம். அது வர மூன்று, நான்கு வாரங்கள்கூட ஆகலாம்.

தொட்டியின் அடியில் ஜல்லியோ ஓட்டுச்சில்லோ பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்ற நம்பிக்கை மிகப் பழையது, அது தவறு. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள ஜல்லிக்கு நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலுள்ள மண் முழுக்க நிறைந்த பிறகே சொட்டத் தொடங்கும். ஜல்லி போடாவிட்டால் தொட்டியின் அடியில் நிற்கும் ஈரப்படலம், ஜல்லி போட்டால் அதன் மேலே, வேருக்கு இன்னும் அருகே வந்து நிற்கிறது. துளையில் மண் ஒழுகாமலிருக்க ஒரு துண்டு வலை போதும்.

மண் ஏன் காயவில்லை என்பதையும் கேட்டாக வேண்டும். செடி நீர் குடிப்பதை முடுக்கிவிடுவது வெளிச்சம். சன்னலோரம் இருந்தபோது நான்கு நாளில் காய்ந்த தொட்டி, அறையின் மூலைக்குப் போனால் இரண்டு வாரமானாலும் காயாமல் இருக்கும். “வாரம் இருமுறை தண்ணீர்” என்று நாள்கணக்கு வைத்துக்கொண்டிருப்பவர்கள் செடியை இடம் மாற்றியதும் சிக்கிக்கொள்வது இதனால்தான். குளிர்காலத்திலும் இதே நிலைதான். வெப்ப மண்டலத்தைச் சேர்ந்த பெரும்பாலான வீட்டுச் செடிகளின் வேர்கள் குளிர்ந்த மண்ணில் மந்தமாகவே உறிஞ்சும். 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் இலைகளே பாதிக்கப்படும்.

அறிகுறி: நண்பகலில் துவள்கிறது, மாலையில் தானாக நிமிர்கிறது

மண்ணில் ஈரமும் வேரில் உயிரும் இருக்கும்போதே இது நிகழும். வெயிலின் உச்சத்தில் இலை இழக்கும் நீருக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெப்பம் தணிந்ததும் கணக்கு நேராகிவிடுகிறது. இப்போது தண்ணீர் ஊற்றுவது தேவையற்றது. கண்ணாடிச் சன்னலின் வெயிலிலிருந்து செடியை ஒரு முழம் உள்ளே நகர்த்துங்கள், அல்லது மெல்லிய திரையைப் போடுங்கள். மின்விசிறிக்கு நேர்கீழேயும் ஏ.சி. காற்று நேராகப் படும் இடத்திலும் இருக்கும் செடிகள் வெயில் இல்லாமலேயே இப்படித் துவளும். இலையைச் சூழ்ந்துள்ள ஈரமான காற்றுப்படலத்தை ஓடும் காற்று ஓயாமல் துடைத்துக்கொண்டு போகிறது. மாலையிலும் நிமிரவில்லை என்றால் இது வெயில் வாடல் அன்று. மேலே சொன்ன இரண்டில் ஒன்றாக இருக்கும்.

இலைமேல் நீர் தெளித்தால் ஈரப்பதம் கூடும் என்பார்கள். தெளித்த நீர் காய்வதோடு அதன் பயன் முடிந்துவிடுகிறது. பல செடிகளைச் சேர்த்து நெருக்கமாக வைப்பது இதைவிடப் பலன் தரும்.

அறிகுறி: தண்ணீர் ஊற்றியதும் ஓடிவிடுகிறது, இரண்டு நாளில் மறுபடி வாடுகிறது

செடி தொட்டியை மிஞ்சி வளர்ந்துவிட்டது. கவிழ்த்து எடுத்தால் மண்ணே தெரியாமல், வேர்கள் பிரிமணை போல் சுற்றிச் சுற்றி இறுகியிருக்கும். நீரைப் பிடித்துவைக்க மண் இல்லாததால் எவ்வளவு ஊற்றினாலும் நிலைப்பதில்லை. வெளிச்சுற்று வேர்களை விரலால் தளர்த்திவிட்டு, அடியில் சுருண்டு கிடப்பவற்றை நான்கு இடத்தில் செங்குத்தாகக் கீறி, விட்டத்தில் 3 முதல் 5 செ.மீ. மட்டுமே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போகக் கூடாது என்பதற்கான காரணத்தை முன்பே பார்த்துவிட்டோம்.

அறிகுறி: தொட்டியையோ இடத்தையோ மாற்றிய பிறகு வாடுகிறது

நீரை உறிஞ்சும் வேலையின் பெரும்பங்கைச் செய்வது தடித்த வேர்கள் அல்ல. நுனியருகே உள்ள, கண்ணுக்கு எளிதில் புலப்படாத வேர்த்தூவிகள். தொட்டி மாற்றுகையில் இவை அறுந்துபோகும். அவை மீண்டும் வளர ஒன்றிரண்டு வாரம் வேண்டும். அதுவரை இலையின் செலவை நாம் குறைத்துக் கொடுக்க வேண்டும். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையைச் செடியின்மேல் கவிழ்த்து, இலைகளில் ஒட்டாதபடி இரண்டு குச்சிகளை ஊன்றி, நிழலான வெளிச்சத்தில் வையுங்கள். நாளுக்கு ஒருமுறை பையைத் திறந்து காற்றாட விட்டால் பூஞ்சை வராது. பையோடு வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும்.

புதிதாக வாங்கி வந்த செடியும் இதே வகைதான். நிழல்வலைக் கூடத்தின் ஈரத்திலும் வெளிச்சத்திலும் வளர்ந்தது, அறையின் வறட்சிக்குப் பழகும்வரை சற்றுத் துவளும். ஃபிகஸ் பெஞ்சமினா இடம் மாறினாலே இலைகளைக் கொட்டிவிடும். அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் மீண்டும் இடம் மாற்றுவது கொட்டுவதை நீட்டிக்கவே செய்யும். ஓரிடத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதுதான் இங்கே வைத்தியம்.

அறிகுறி: உரமிட்ட சில நாள்களில் வாடுகிறது, இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

மண்நீரில் உப்பு மிகுந்துவிட்டால், வேரால் அந்த நீரை இழுக்க முடியாது. மிகுதியானால் வேரிலிருந்தே நீர் வெளியேறும். ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய் நீர்விடுவதும் இதே விதியால்தான். மேல்மண்ணிலும் மண்தொட்டியின் வெளிப்புறத்திலும் வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். அந்தப் பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, தொட்டியின் கொள்ளளவைப்போல் இருமடங்கு நல்ல நீரை மெதுவாக, விட்டுவிட்டு ஊற்றி, அடித்துளை வழியே முழுவதும் வடியவிடுங்கள். வடிந்த நீரைத் தட்டில் தேங்கவிட்டால் கழுவிய உப்பு மறுபடி மேலேறும். ஒரு மாதத்துக்கு உரம் வேண்டாம்; அதன்பிறகும் பொட்டலத்தில் எழுதியுள்ள அளவில் பாதியே போதும். காய்ந்த மண்ணில் எக்காலத்திலும் உரநீர் விடக் கூடாது.

டிராசினா, குளோரோஃபைட்டம் ஆகியவற்றில் நுனிமட்டும் பழுப்பாகி, செடி வாடாமல் இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் நீரிலுள்ள ஃபுளோரைடோ உப்போதான். மழைநீர் கிடைத்தால் அதை ஊற்றிவாருங்கள்.

அறிகுறி: வாடலோடு பிசுபிசுப்பு, வெண்பஞ்சு அல்லது மெல்லிய நூலாம்படை

இலையின் மேற்புறத்தைப் பார்த்துப் பயனில்லை. இலையைத் திருப்பிப் பாருங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் கக்கத்தையும் பாருங்கள். வெண்பஞ்சாக ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. பழுப்பு நிறத்தில் சிறு பொட்டுகளாக, நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வருவது செதில்பூச்சி. தளிரில் கூட்டமாக அப்பியிருப்பது அசுவினி. இவை மூன்றும் சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை விடுவதால் இலை பிசுபிசுக்கிறது; அதன்மேல் கரும்பூஞ்சையும் படரும். இலை முழுவதும் ஊசிகுத்தியதுபோல் வெளுத்து, கணுக்களில் நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன். வெள்ளைத்தாளின்மேல் இலையைத் தட்டினால் புள்ளிகள் ஊர்வதைக் காணலாம்.

செடியைத் தனியே எடுத்து வைப்பது முதல் வேலை. குளியலறையில் சாய்த்துப் பிடித்து, இலையின் அடிப்புறத்தை நீர்த்தாரையால் அடித்துக் கழுவினால் அசுவினியிலும் சிலந்திப்பேனிலும் பெரும்பகுதி போய்விடும். மாவுப்பூச்சியை 70 சதவீத ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் ஒவ்வொன்றாகத் துடைத்தெடுக்க வேண்டும். அதன்பின், ஒரு லிட்டர் நீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் சேர்த்து நன்கு குலுக்கி, வெயில் சாய்ந்தபின் தெளியுங்கள். ஒருமுறை தெளித்தால் முட்டைகள் தப்பிவிடும். வெப்பமும் வறட்சியும் உள்ள நாள்களில் சிலந்திப்பேன் ஒரு வாரத்திலேயே முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைந்துவிடும். ஆகவே ஐந்தாறு நாள் இடைவெளியில் மூன்று முறையாவது தெளிக்க வேண்டும்.

இலையில் ஒன்றுமே இல்லாமல், நீரும் வெளிச்சமும் சரியாக இருந்தும் செடி சோர்ந்தே இருந்தால் வேரைப் பாருங்கள். தொட்டிச் சுவரை ஒட்டிய வேர்களில் வெண்மாவு படிந்திருந்தால் அது வேர் மாவுப்பூச்சி. வேரில் மணிமணியாக முடிச்சுகள் இருந்தால் நூற்புழு. அந்தச் செடியின் வேரைக் காப்பாற்ற முயல்வதைவிட, மண்ணைத் தொடாத மேல்தண்டிலிருந்து துண்டு வெட்டி நட்டுக்கொள்வது சிக்கனம்.

அறிகுறி: ஒரு கிளை மட்டும், அல்லது ஒரே நாளில் செடி முழுவதும் சாய்கிறது

முதலில், அந்தக் கிளை எங்காவது மடங்கி ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். காரணம் பெரும்பாலும் அவ்வளவுதான். ஒடிவு இல்லையென்றால், அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையமோ புள்ளிகளோ தெரிந்தால், நீர் ஏறும் குழாய்களைப் பூஞ்சை அடைத்துக்கொண்டிருக்கிறது. வெட்டிய தண்டைத் தெளிந்த நீருள்ள கண்ணாடித் தம்ளரில் தொங்கவிட்டுச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். பால்போன்ற இழை நீரில் இறங்கினால் அது பாக்டீரிய வாடல். இரண்டுக்கும் வீட்டில் செய்யக்கூடிய மருத்துவம் இல்லை. செடியையும் மண்ணையும் உறையிலிட்டு அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவியபின், ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் கலந்த கரைசலில் அரைமணி நேரம் ஊறவைத்தே மீண்டும் பயன்படுத்த வேண்டும்.

சதைப்பற்றுள்ள செடிகளும் ஆர்க்கிடும்

இவற்றுக்கு மேலே சொன்ன அறிகுறிகளை அப்படியே பொருத்த முடியாது. கற்றாழையின் மடல் மெலிந்து, சுருங்கி, உள்நோக்கி வளைந்தால் தாகம். பளபளப்பாக நீர்கோத்துக் கண்ணாடிபோல் ஆகி, தொட்டால் கூழானால் நீர் மிகுதி. ஸிஸி (ZZ) செடியும் பாம்புக் கற்றாழையும் நீரைச் சேமித்து வைப்பதால், அவை வாடித் தெரியும்போது பெரும்பாலும் அழுகல் முற்றியிருக்கும். ஃபலனாப்சிஸ் ஆர்க்கிடின் இலை சுருங்கினால் தாகமாகவும் இருக்கலாம், வேர் அழுகியதாகவும் இருக்கலாம். வேரின் நிறத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள்: காய்ந்த வேர் வெள்ளிச் சாம்பல் நிறம், நனைந்த நல்ல வேர் பச்சை, அழுகியது பழுப்பு.

வேரே மிஞ்சாதபோது

தொட்டியைக் கவிழ்த்தபோது ஒரு நல்ல வேர்கூட இல்லையென்றாலும், தண்டு உறுதியாக இருந்தால் செடியை வேறு வடிவில் காப்பாற்றலாம். மணி பிளான்ட், சிங்கோனியம், ஃபிலோடென்ட்ரான் ஆகியவற்றை ஒரு கணுவும் ஓர் இலையும் இருக்குமாறு துண்டுகளாக வெட்டி, கணு நீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி வைக்க வேண்டும். வேர் கிளம்புவது கணுவிலிருந்துதான். கணு இல்லாத இலை மாதக்கணக்கில் பச்சையாக நின்றாலும் செடியாகாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். வேர்கள் 3 முதல் 5 செ.மீ. நீளம் வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். இன்னும் நீளட்டும் என்று காத்திருந்தால், நீருக்குப் பழகிய வேர் மண்ணில் மறுபடி தடுமாறும். டைஃபன்பேக்கியா போன்ற தடித்தண்டுச் செடியாக இருந்தால், இலையில்லாத தண்டைக்கூட விரல்நீளத் துண்டுகளாக்கி, வெட்டுவாய் ஒரு நாள் காய்ந்தபின், ஈரமான கலவையில் படுக்கவைத்துப் பாதி புதையுமாறு அழுத்திவிடுங்கள். கணுவிலுள்ள மொட்டு மேல்நோக்கி இருக்கட்டும். கையுறை போட்டுக்கொண்டு வெட்டுங்கள், ஏனெனில் அதன் சாறு தோலை அரிக்கும். வாயிலோ கண்ணிலோ பட்டால் வீக்கமும் எரிச்சலும் கடுமையாக இருக்கும்.